இரண்டு பாத்தி, ஒரு பருவம்: காய்கறியும் பூவும் சேர்ந்த குடும்பத் தோட்டம்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கையிலிருக்கும் இடம் முழுவதையும் கொத்திப்போட்டுத்தான் தொடங்குகிறார்கள். விதைத்த உற்சாகத்தில் முதல் மூன்று வாரம் ஓடிவிடும். ஆறாவது வாரத்தில் களை பயிரை முந்திக்கொண்டு எழும்போது, தண்ணீர் ஊற்றவே நேரம் போதாத வீட்டில் தோட்டம் மெல்லக் கைநழுவிப் போகும். ஆகவே இந்த வழிகாட்டி சிறிய அளவை முன்வைத்தே பேசுகிறது. நாள்தோறும் கால் மணி நேரமும் வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரமும் ஒதுக்கக்கூடிய குடும்பத்துக்கு ஏறத்தாழ 100 சதுர அடியும் சுற்றிலும் சிறிது இடமும் போதும்: 4 அடி அகலமும் 10 அடி நீளமும் கொண்ட இரண்டு பாத்திகள், அவற்றுக்கிடையே ஒன்றரை அடி நடைபாதை, வெளிப்புறங்களில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்காரும் இடம். 4 அடி அகலத்துக்குக் காரணம் இருக்கிறது. இரு பக்கத்திலிருந்தும் கையை நீட்டினால் பாத்தியின் நடுப்பகுதி எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே கால் வைப்போம், கால் பட்ட இடத்தில் மண் இறுகும், இறுகிய மண்ணில் வேரும் நீரும் காற்றும் எளிதில் இறங்குவதில்லை. சிறுவர்களும் சேர்ந்து வேலை செய்வார்கள் என்றால் 3 அடி அகலமே நல்லது.

நாற்று விதைப்பதிலிருந்து பாத்தியைக் காலி செய்வது வரை இங்கே சொல்லப்படும் பருவம் ஏறத்தாழ ஐந்து மாதம் நீளும். உறைபனி விழும் ஊர்களில் கடைசி உறைபனி முடிந்து மண் சூடேறும் நாளையும், உறைபனி இல்லாத ஊர்களில் கடும் வெயிலும் அடைமழையும் இல்லாத மாதங்களையும் நடவு நாளாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி நாற்று விதைக்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இடம் தேர்தல்

காய் காய்க்கும் செடிகளுக்கும் பெரும்பாலான பூச்செடிகளுக்கும் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் 4 மணி நேர வெயிலிலும் சமாளித்துக்கொள்ளும். விடுமுறை நாள் ஒன்றில் காலை 8 மணிக்கும் 11 மணிக்கும், மாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து நான்கு மூலைகளிலும் குச்சி நட்டு அடையாளம் வைத்தால் போதும். ஊகத்தை விட இது நம்பகமானது. பெரிய மரத்தின் கிளைப்பரப்புக்கு வெளியே இருந்தாலும் அதன் வேர் பாத்திக்குள் வரும் என்பதால் கூடுமானவரை தள்ளியே இருப்பது நல்லது. தண்ணீர்க் குழாய் எட்டும் தொலைவில் இருப்பதும், வீட்டிலிருந்து வெளியே வரும்போது கண்ணில் படும் இடமாக இருப்பதும் சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் வீட்டின் பின்மூலையில் மறைந்து கிடக்கும் தோட்டத்தை எவரும் அடிக்கடி எட்டிப்பார்ப்பதில்லை.

மண்ணைத் தயார் செய்தல்

இடம் முடிவானதும் மண்ணை இரண்டு விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். முதலாவது வடிகால் சோதனை: ஓர் அடி ஆழமுள்ள குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது முழுக்க வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, நீர்மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் கவலையில்லை. அதைவிட மெதுவாக இறங்கினால் தரையில் நேரடியாக நடாமல், அரை அடி முதல் முக்கால் அடி வரை உயர்த்திய மேட்டுப்பாத்தி போட வேண்டும். இரண்டாவது, ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைப்பது. மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களிமண் முழுவதும் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். படிந்த அடுக்குகளின் உயரத்தைப் பார்த்தாலே மண் மணற்பாங்கா, களிப்பாங்கா என்பது விளங்கிவிடும். சுவையான உண்மை என்னவென்றால், இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மக்கிய உரம். அது மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், களிமண்ணைப் பொலபொலப்பாக்கும்.

நன்கு மக்கிய தொழு உரத்தையோ மக்கு உரத்தையோ இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேல்மண்ணின் 6 முதல் 8 அங்குல ஆழம் வரை கொத்திக் கலக்க வேண்டும். இரண்டு பாத்திகளுக்கும் சேர்த்து இதற்கு ஏறத்தாழ 375 லிட்டர் உரம், அதாவது 50 லிட்டர் மூட்டையில் ஏழெட்டு, தேவைப்படும். வாங்கப் போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் பாதிதான் வந்து சேரும். பச்சைச் சாணம் போடக் கூடாது. அதில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், மண்ணைத் தொட்டு விளையும் காய்களைப் பறிப்பதற்கும் பச்சைச் சாணம் இட்டதற்கும் இடையே குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும். முதல் பருவத்தில் அந்த இடைவெளி கிடைக்காது.

மண் ஈரமாக இருக்கும்போது கொத்துவதும் கூடாது. ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கிப் பிடித்து, பிறகு பெருவிரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டையாக ஒட்டிக்கொண்டு பளபளத்தால் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அது காயும்போது கல்லாகும், அந்தக் கட்டிகள் பருவம் முடியும் வரை கரையாமல் கிடக்கும்.

எதை, எங்கே நடுவது

முதல் பருவத்துக்கு ஏழு எட்டுக் காய்கறி வகையும் நான்கு பூ வகையும் தாராளம். குடும்பத்தார் விரும்பிச் சாப்பிடாத காயை, விதை கிடைத்தது என்பதற்காக நட வேண்டாம். பூசணி, சுரை, பீர்க்கு போன்ற படர்கொடிகள் ஒரே செடியாகப் பாத்தியை விழுங்கிவிடும். வேலி வசதி இருந்தாலன்றி அவற்றை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடலாம்.

ஒரு மாதிரி அமைப்பைச் சொல்கிறேன். முதல் பாத்தி முழுவதும் கத்தரிக் குடும்பத்துக்கு: ஒரு வரிசையில் 2 அடிக்கு ஒன்றாக 5 தக்காளி, அதிலிருந்து 2 அடி தள்ளி அடுத்த வரிசையில் 2 கத்தரியும் 3 மிளகாயும், பாத்தியின் முனைகளிலும் விளிம்பிலும் ஓர் அடிக்கு ஒன்றாகச் செண்டுமல்லி. இரண்டாம் பாத்தியில் ஒரு நீள விளிம்பில் 6 அடி உயரத்துக்கு வலை கட்டி, அதில் பாதிக்குக் கொடி பீன்ஸும் பாதிக்கு வெள்ளரியும் ஏற்றலாம். நடுவில் ஒரு வரிசையாக 8 வெண்டை. எதிர் விளிம்பில் கீரை, முள்ளங்கி. இரு முனைகளிலும் ஜினியாவும் காஸ்மோஸும். வலை எந்த விளிம்பில் நிற்க வேண்டும் என்பதை நீங்கள் குச்சி நட்டுப் பார்த்த நிழல்தான் சொல்லும்: உயரமானவற்றின் நிழல் பாத்திக்கு வெளியே விழ வேண்டும், குட்டைச் செடிகளின் மேல் விழக் கூடாது. சூரியகாந்திக்குப் பாத்தியில் இடமில்லை. பாத்திக்கு வெளியே, நிழல் தொந்தரவில்லாத மூலையில் நான்கைந்து விதை ஊன்றினால், சிறுவர்கள் வாரந்தோறும் அளந்து பார்க்க அதைவிட நல்ல செடி கிடையாது.

இந்த அமைப்பை ஒரு தாளில் வரைந்து தேதியிட்டு வையுங்கள். பருவத்தின் கடைசியில் அது தேவைப்படும்.

நாற்று வளர்த்தல்: நடவுக்கு ஏழு வாரம் முன்பிருந்து

மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்பவை என்பதால் நடவுக்கு ஆறு ஏழு வாரம் முன்பே அவற்றை விதைக்க வேண்டும். தக்காளிக்கும் செண்டுமல்லிக்கும் நான்கைந்து வாரம் போதும். குழித்தட்டிலோ அடியில் துளையிட்ட சிறு கிண்ணங்களிலோ, சலித்த மண்புழு உரத்தையும் தென்னை நார்க்கழிவையும் சம அளவில் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதை வீதம் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. ஆழத்தில் இட்டு மூடுங்கள். விதையின் கனத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பெரும்பாலான விதைகளுக்குப் பொருந்தும் பொது அளவு. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தக்காளி ஒரு வாரத்திலும், மிளகாய் இரண்டு வாரம் வரை எடுத்துக்கொண்டும் முளைக்கும். மிளகாய் தாமதமாவதைக் கண்டு கிளறிப் பார்க்க வேண்டாம்.

முளை எட்டிப்பார்த்த அன்றே தட்டை வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். வெளிச்சம் குறைந்தால் நாற்று வெளிறி, நீண்டு, தலை சாய்ந்து நிற்கும். அப்படி வளர்ந்த நாற்று பிறகு எத்தனை உரமிட்டாலும் எளிதில் தேறுவதில்லை. இந்தக் கட்டத்தில் வரும் பெரிய ஆபத்து நாற்றழுகல். நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று காலை மண்மட்டத்தில் தண்டு மெலிந்து படுத்துக் கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற, மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பூஞ்சையொத்த நுண்ணுயிரிகளும் இதற்குக் காரணம். வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. வராமல் தடுப்பது எளிது: நெருக்கமாக விதைக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், தட்டை ஓர் ஆழமற்ற தாம்பாளத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து அடியிலிருந்து ஈரம் உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள், மேல்மண் சற்றே உலர்ந்த பிறகே அடுத்த தண்ணீர். இரண்டு விதையும் முளைத்த குழியில் நலிந்ததைப் பிடுங்காமல், கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆடும்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றுகளை வெளியே பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் மர நிழலில், அடுத்தடுத்த நாள்களில் கூடுதல் நேரமும் கூடுதல் வெயிலுமாக, கடைசி இரண்டு நாள் இரவிலும் வெளியிலேயே விட்டு வைத்தால், நட்ட பிறகு வெயிலில் இலை வெளுத்துக் கருகுவது இராது.

நேரடி விதைப்பும் நடவும்

வெண்டை, பீன்ஸ், வெள்ளரி, முள்ளங்கி, கீரை, ஜினியா, காஸ்மோஸ், சூரியகாந்தி ஆகியவற்றை நேரடியாகப் பாத்தியிலேயே விதைக்கலாம். மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் வெண்டையும் வெள்ளரியும் முளைக்கத் தயங்கி மண்ணிலேயே அழுகிப்போகும். குளிர்ந்த ஊர்க்காரர்கள் இதைப் பொறுத்துத் தேதியைத் தள்ளிப்போடுவதில் நஷ்டமில்லை. வெண்டை விதையின் தோல் கடினமானது. முதல் நாள் இரவு ஊறவைத்து மறுநாள் ஊன்றினால் சீராக முளைக்கும். பீன்ஸை அப்படி ஊறவைக்க வேண்டாம், தோல் வெடித்துக் கெட்டுவிடும். கீரை விதை மிகப் பொடியானது என்பதால் அதைப் போல் பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஓரிடத்தில் குவியாது.

முள்ளங்கியைச் சிறுவர் பொறுப்பில் விடுங்கள். மூன்று நான்கு நாளில் முளைத்து, குட்டை வகை ஒரு மாதத்துக்குள் பிடுங்கத் தயாராகிவிடும் என்பதால் அவர்களுடைய பொறுமைக்குள் அடங்கும் பயிர் அது. ஒரே நாளில் முழு வரிசையையும் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒரு முறை இரண்டடி நீளத்துக்கு மட்டும் விதைத்து வந்தால் ஒரே சமயத்தில் குவிந்து வீணாகாது. முளைத்த பயிரைக் கலைத்துவிடுவதில் புதியவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் முள்ளங்கி 5 செ.மீ.க்கு ஒன்றாக நிற்காவிட்டால் இலை மட்டுமே வளரும். கலைத்தெடுத்த பயிர் கீரையாகப் பயன்படும் என்பதால் வருந்தவும் தேவையில்லை. பீன்ஸுக்கு 15 செ.மீ., வெண்டைக்கு ஒன்றேகால் அடி, வலையில் ஏறும் வெள்ளரிக்கு ஒன்றரை அடி, ஜினியாவுக்கு ஓர் அடி என்று இடைவெளி விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

நாற்று நடுவதற்கு மாலை நேரமோ மேகமூட்டமான நாளோ ஏற்றது. நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் வேர்மண் உதிராமல் கழன்று வரும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த அதே ஆழத்தில் நட வேண்டும். தக்காளி மட்டும் விதிவிலக்கு: அதன் தண்டு மண்ணில் புதையும் இடமெல்லாம் புது வேர் விடும் என்பதால், அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிக்கு மேல் புதையும்படி ஆழமாக நடலாம். தக்காளிக்கான 5 அடிக் கொம்பை நடவு அன்றே ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். நட்டவுடன் வேர்ப்பகுதி நனையத் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் எனப்படும் இரண்டாம் தண்ணீர், முதல் மூன்று நாள் உச்சி வெயிலுக்கு ஏதேனும் ஒரு மறைப்பு. இவ்வளவுதான் நடவு.

தண்ணீரும் மூடாக்கும்

தோட்டத்தின் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு தண்ணீரைப் பொறுத்தது. குறைவாக ஊற்றுவதை விட, சிறிது சிறிதாக அடிக்கடி தெளிப்பதே கெடுதல் செய்யும். மேலே மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும், ஒரு நாள் வெயில் கடுமையானாலும் செடி துவளும். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு ஓர் அங்குல நீர் என்பது பொதுவான கணக்கு. மணற்பாங்கான மண்ணிலும் கடும் வெப்பத்திலும் ஒன்றரை இரண்டு அங்குலம் வரை தேவைப்படும். ஓர் அங்குலம் என்றால் சதுர மீட்டருக்கு 25 லிட்டர்; நம்முடைய இரண்டு பாத்திகளுக்கும் சேர்த்து வாரம் ஏறத்தாழ 185 லிட்டர், அதாவது 10 லிட்டர் பூவாளியில் பதினெட்டு பத்தொன்பது முறை. இதை இரண்டு மூன்று தவணையாக, காலை வேளையில், இலையில் படாமல் தூரில் ஊற்ற வேண்டும். விதைத்து முளைக்கும் வரையான நாள்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அப்போது மேல்மண் காயாமல் தினமும் பூவாளியால் நனைக்க வேண்டும். ஐயம் வந்தால் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். உச்சி வெயிலில் வெள்ளரி இலை வாடுவது இயல்பு. மாலையிலும் வாடியே இருந்தால்தான் அது தாகம்.

தண்ணீர்ப் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. எல்லாருடைய வேலையாகவும் இருப்பது இரண்டு பேர் இரு முறை ஊற்றிய நாளிலும் எவருமே ஊற்றாத நாளிலும் முடியும்.

செடிகள் அரை அடி உயரம் வந்ததும் காய்ந்த புல், வைக்கோல், சருகு ஆகியவற்றில் கிடைப்பதை இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடாவிட்டால் அது அழுகும். மூடாக்கு ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், மழைத்துளி மண்ணைத் தெறித்து இலையில் நோய் பரப்புவதைத் தடுக்கும். அதையும் மீறி வரும் களையை இரண்டு இலையாக இருக்கும்போதே களைக்கொத்தால் சுரண்டிவிட வேண்டும். பூத்து விதை தள்ளவிட்டால் அடுத்த பல பருவத்துக்கும் அதுவே வேலையாகிவிடும்.

மேலுரமாக, முதல் பிஞ்சு தென்பட்டதும் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. அதற்கு மேல் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறினால் செடி கரும்பச்சையாகத் தழைத்து நிற்குமே தவிரப் பூ குறையும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் தேடி வரும். காஸ்மோஸுக்கு மேலுரமே தேவையில்லை. சத்து மிகுந்த மண்ணில் அது ஆளுயரம் வளர்ந்து சாயும்.

தக்காளியில் இரண்டு வகை உண்டு. தொடர்ந்து உயர்ந்துகொண்டே போகும் வகையில் இலைக்கணுவின் இடுக்கிலிருந்து கிளம்பும் பக்கக் கிளைகளை விரல் நீளத்துக்குள்ளேயே கிள்ளிவிட்டு, ஒன்றிரண்டு தண்டை மட்டும் கொம்பில் தளர்வாகக் கட்டி ஏற்றலாம். குட்டையாகப் புதர் போல வளர்ந்து நின்றுவிடும் வகையில் இப்படிக் கிள்ளினால் காய்தான் போகும்.

பூக்கள் செய்யும் வேலை

காய்கறிப் பாத்தியில் பூச்செடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளரிக் கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. பெண்பூவின் அடியில் சுண்டுவிரல் நுனி அளவு பிஞ்சு ஒட்டியிருக்கும், ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும். முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண்பூக்களே என்பதால் பூ உதிர்கிறதே என்று பதற வேண்டாம். பெண்பூ மலர்ந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் தேனீ வரவில்லை என்று பொருள். அப்போது காலை வேளையில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, மகரந்தம் படிந்த நடுப்பகுதியைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் காய் பிடிக்கும். பக்கத்திலேயே ஜினியாவும் காஸ்மோஸும் சூரியகாந்தியும் பூத்திருந்தால் இந்த வேலையைப் பெரும்பாலும் தேனீக்களே பார்த்துக்கொள்ளும். அடுக்கிதழ்ப் பூக்கள் பார்க்க அழகு, ஆனால் தேனும் மகரந்தமும் எட்டாதபடி இதழ் மூடியிருக்கும். தேனீக்காக வைப்பதென்றால் ஒற்றை அடுக்குப் பூ வகைகளே சிறந்தவை. கொத்தமல்லியில் சில செடிகளைப் பறிக்காமல் பூக்கவிட்டால், அசுவினியைத் தின்னும் பூச்சிகளின் தாய்கள் அந்தச் சிறு பூக்களைத் தேடி வரும்.

செண்டுமல்லியைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவதில் பாதிதான் சரி. வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும் நுண்புழுக்களான வேர்முடிச்சு நூற்புழுக்களை அதன் வேர் அடக்குவது உண்மை. ஆனால் அந்தப் பலன் அதை நெருக்கமாக ஒரு பயிராகவே இரண்டு மாதமேனும் வளர்த்த இடத்தில்தான் தெளிவாகக் கிடைக்கும். தக்காளியின் பக்கத்தில் நிற்கும் நான்கு செடி எல்லாப் பூச்சியையும் விரட்டிவிடும் என்று நம்பிக்கொண்டு இலையைப் பார்க்காமல் விடக் கூடாது.

செண்டுமல்லியும் ஜினியாவும் ஓர் அடி உயரம் வருமுன், மூன்று ஜோடி இலைக்கு மேல் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிப் பூ பல மடங்காகும். ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தியை மட்டும் கிள்ளிவிடாதீர்கள், அந்த ஒரே பூவும் போய்விடும். வாடிய பூக்களை வாரம் இரு முறை அடுத்த இலைக்கணு வரை நறுக்கி வந்தால் செடி விதை கட்டும் வேலையை விட்டுப் பூப்பதைத் தொடரும்.

இலையின் அடிப்பக்கம்

நாள்தோறும் ஒதுக்கிய கால் மணி நேரத்தில் பாதியை இலைகளைத் திருப்பிப் பார்ப்பதற்கே கொடுக்கலாம். கொழுந்துக்கு அடியில் மொய்த்திருக்கும் அசுவினி, தொட்டவுடன் எழும்பிப் பறக்கும் வெள்ளை ஈ, கணுவில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டும் மாவுப்பூச்சி ஆகிய மூன்றும் சாறு உறிஞ்சுபவை. எறும்பு சாரையாகச் செடியில் ஏறினால் மேலே இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம். தொடக்கத்திலேயே கண்டால் பீய்ச்சும் தண்ணீரே போதும். பெருகிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் அது கலப்பதற்கு ஓரிரு மி.லி. மென்மையான சோப்புக் கரைசலும் சேர்த்து, முதலில் இரண்டு இலையில் தெளித்துப் பார்த்து, கருகாவிட்டால் மறுநாள் மாலை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். பூக்களின் மேலும், தேனீ பறக்கும் வேளையிலும் வேண்டாம். தெளிக்குமுன் ஒரு முறை உற்றுப் பாருங்கள்: அசுவினிக் கூட்டத்தின் நடுவே கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலையைப் போன்ற ஒரு புழு ஊர்ந்தால் அது பொறிவண்டின் இளம்பருவம், உங்கள் பக்கத்து ஆள். நான்கைந்து நாள் அதற்கு அவகாசம் கொடுங்கள்.

கத்தரியில் செடி முழுவதும் நன்றாக இருக்க, ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, உள்ளே புழுவோடு அழித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்து அது காய்க்குள் போகும். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். மருந்து கிடையாது, அந்தச் செடியை எடுத்துவிடுவதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துத் தோல் போல அமுங்கினால் பூச்சியையோ பூஞ்சையையோ தேட வேண்டாம். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருந்தும், தண்ணீர் ஒரு வாரம் வற்றி ஒரு வாரம் பெருகுவதால் அது காய் வரை ஏறுவதில்லை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்களில் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிர்வதும் நோய் அன்று. வெப்பம் தணிந்ததும் சரியாகிவிடும்.

பறிப்பு

வெண்டை பூத்த நான்கு முதல் ஆறு நாளில் பறிக்கத் தக்கதாகும், இரண்டு நாள் தாமதித்தால் நாரோடிவிடும். எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். கத்தரி பளபளப்பு மங்குமுன்னும், பீன்ஸ் உள்ளே விதை புடைக்குமுன்னும், வெள்ளரி மஞ்சளாகுமுன்னும் கையில் வர வேண்டும். முற்றிய காய் ஒன்று கொடியில் கிடந்தால் செடி புதிதாகக் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், இலைக்குள் மறைந்து முற்றிய வெள்ளரியைத் தேடி எடுப்பதும் பறிப்பின் ஒரு பகுதியே. தக்காளியில் அடிப்பகுதி இளஞ்சிவப்பு காட்டத் தொடங்கியதும் பறித்து அறை வெப்பத்தில் வைத்தாலும் நன்றாகவே பழுக்கும். பறவைக்கும் அணிலுக்கும் பங்கு கொடுக்க விரும்பாதவர்களுக்கு இது வசதி. காய்களை இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள்.

பூக்களை அதிகாலையில் வெட்டி உடனே தண்ணீரில் இட வேண்டும். ஜினியா வெட்டிய பின் விரியாது என்பதால் அதன் பதத்தை அறிய ஒரு வழி உண்டு: பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து தொய்ந்து ஆடினால் இன்னும் ஓரிரு நாள் போகட்டும். விறைப்பாக நின்றால் வெட்டலாம், குவளையில் ஒரு வாரம் நிற்கும்.

பருவம் முடியும்போது

காய்ப்பு ஓயத் தொடங்கும் வாரங்களில் விதைக்கான செடிகளை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரக விதையிலிருந்து வந்த செடியின் விதை தாய்ச்செடியைப் போல் வராது; நாட்டு ரகமாகவோ, அப்படிக் கலக்காமல் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய தேர்வு ரகமாகவோ இருந்தால் மட்டும் எடுத்து வையுங்கள். பீன்ஸும் வெண்டையும் கொடியிலும் செடியிலுமே நெற்றாகிக் காயட்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலே மிதக்கும் நுரையையும் சக்கையையும் கொட்டி, கழுவி நிழலில் உலர்த்தினால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு நீங்கிவிடும். வெள்ளரி அயல் மகரந்தச் சேர்க்கையால் எளிதில் கலப்பாகும் என்பதால் முதல் பருவத்தில் அதன் விதையை நம்ப வேண்டாம்.

நோயில்லாத செடிகளை நறுக்கி மக்கு உரக் குழியில் போடலாம். வைரஸ் கண்டதையும் வாடல் கண்டதையும் போடக் கூடாது. பீன்ஸை மட்டும் வேரோடு பிடுங்காமல் மண்மட்டத்தில் அறுத்து வேரை உள்ளேயே மக்கவிடுங்கள். மற்றவற்றைப் பிடுங்கும்போது வேரில் வீக்கம் இருக்கிறதா என்று கழுவிப் பாருங்கள். பீன்ஸ் வேரிலும் முடிச்சுகள் இருக்கும், ஆனால் அவை காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம் பாக்டீரியாவின் முடிச்சுகள். விரலால் தேய்த்தால் கழன்று வரும், நன்கு வேலை செய்யும் முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தக்காளி, கத்தரி, வெண்டை வேரில் கழற்ற முடியாதபடி வேரே வீங்கிக் கரணையாகியிருந்தால் அது நூற்புழு.

அப்படிக் கண்ட இடத்தை, வரைந்து வைத்த தாளில் வட்டமிட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் அங்கே செண்டுமல்லியை மட்டும் முக்கால் அடி இடைவெளியில் அடர்த்தியாக நடுங்கள். கத்தரிக் குடும்பத்தை ஒரே மண்ணில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் வைக்க வேண்டும் என்பது விதி; இரண்டே பாத்தியில் அதை முழுமையாகப் பின்பற்ற முடியாது. முடிந்தது இதுதான்: முதல் பாத்திக்குப் பீன்ஸும் வெள்ளரியும் போகட்டும், இரண்டாம் பாத்தியில் மிளகாயும் கத்தரியும் வரட்டும், தக்காளியை அந்த ஒரு பருவத்துக்கு 20 லிட்டர் தொட்டியில் புது மண்ணில் வையுங்கள். காலியான பாத்தியின் மேல் ஓர் அங்குலம் மக்கு உரம் பரப்பி, மூடாக்கால் மூடி, அடுத்த நாற்றுத் தட்டு தயாராகும் வரை அப்படியே விட்டுவிடலாம்.